நாஜி கொலைமுகாம் நிலங்களில் அகழாய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பிடித்து வைத்திருந்த போலந்தின் கிழக்குப் பகுதியில் பெல்செக், சோபிபோர், ட்ரெப்லிங்கா என்று மூன்று கொலைமுகாம்கள் இயங்கின. 1942 மார்ச்சில் பெல்செக்கில் தொடங்கி 1943 இலையுதிர்காலம் வரை, ஏறத்தாழ பதினைந்து லட்சம் யூதர்கள் இந்த மூன்று இடங்களில் நச்சுப்புகையால் கொல்லப்பட்டார்கள். இந்த நிலங்களில் தொல்லியலாளர்கள் என்ன தேடுகிறார்கள், எப்படித் தேடுகிறார்கள், எதைத் தொடாமல் விடுகிறார்கள் என்பதைப் பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

ஆவணங்களும் சாட்சியங்களும் இருக்கும்போது எதற்காகத் தோண்ட வேண்டும்?

கொன்றவர்களே இடத்தை அழித்துவிட்டுப் போனார்கள் என்பதால்தான். இன்னொரு நாஜி முகாமான அவுஷ்விட்ஸில் கட்டடங்கள் நிற்கின்றன, இடிபாடுகளாவது கிடக்கின்றன. இந்த மூன்று முகாம்களில் அதுவும் இல்லை. புதைத்த உடல்களை மறுபடி தோண்டி எடுத்து, ரயில் தண்டவாளங்களை அடுக்கி அதன்மேல் வைத்து எரித்தார்கள். கட்டடங்களை இடித்து, நிலத்தைச் சமப்படுத்தி, மரக்கன்று நட்டார்கள். ட்ரெப்லிங்காவில் இடித்த செங்கற்களைக் கொண்டு ஒரு பண்ணைவீடே கட்டி, அங்கு எப்போதும் விவசாயம்தான் நடந்தது போலக் காட்டினார்கள்.

உயிர் தப்பியவர்கள் மிகச் சிலர். பெல்செக்கில் நடந்ததைப் போருக்குப் பின் சொல்ல இருந்தவர்களாக அறியப்படுவோர் இரண்டே பேர். சோபிபோரில் 1943 அக்டோபர் 14 அன்று கைதிகள் கிளர்ந்தெழுந்தபோது சுமார் 300 பேர் வெளியேறினார்கள். அவர்களில் போர் முடியும்வரை பிழைத்தவர்கள் ஏறத்தாழ ஐம்பது பேர். அவர்கள் நினைவிலிருந்து வரைந்த வரைபடங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. உயிர் பிழைப்பதே பெரும்பாடாக இருந்தவர் அடிக்கணக்கில் அளந்து வைத்திருக்க முடியாதே.

இதன் விளைவு கொடுமையானது. புதைகுழிகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று தெரியாததால், வருகையாளர்கள் பல ஆண்டுகள் பெல்செக்கில் புதைகுழிகளின் மேலேயே நடந்தார்கள். சோபிபோரில் 1960களில் அமைத்த நினைவிடத்தின் தார்த்தளம், நச்சுவாயு அறைகள் இருந்த இடத்தையே மூடியிருந்தது. ஆகவே தோண்டுவதன் முதல் நோக்கம் காப்பது. எங்கே மனிதர்கள் கிடக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அந்த இடத்தில் கால் படாமல் பார்த்துக்கொள்ள முடியும்.

இனப்படுகொலையே நடக்கவில்லை என்பவர்களுக்குப் பதில் சொல்லத்தானே இது?

இல்லை. அந்தப் பதில் எப்போதோ கிடைத்துவிட்டது. நாஜிகளின் எஸ்.எஸ். படை அதிகாரி ஹெர்மன் ஹோஃப்லே 1943 ஜனவரி 11 அன்று அனுப்பிய தந்திச் செய்தியைப் பிரிட்டிஷ் உளவுத்துறை இடைமறித்துப் பிடித்தது. 1942 முடிய பெல்செக்குக்கு 4,34,508 பேர், சோபிபோருக்கு 1,01,370 பேர் என்று அதில் கணக்கே இருக்கிறது. கொன்றவர்களின் சொந்தக் கணக்கு அது. மறுப்பவர்களை நினைத்துக்கொண்டு அகழாய்வைத் திட்டமிட்டால், புதைகுழியைத் திறந்து எலும்பைக் காட்ட வேண்டும் என்ற அழுத்தம்தான் வரும். இறந்தவர்களை வாதத்துக்கு இழுப்பது அவர்களுக்கு இழைக்கும் இன்னொரு அவமானம்.

புதைகுழிகளைத் தோண்டுகிறார்களா?

தோண்டுவதில்லை, தோண்டவும் கூடாது. ஹலாக்கா எனப்படும் யூத சமயச் சட்டப்படி, அடக்கம் செய்யப்பட்டவரின் உடலை அசைக்கக் கூடாது. எலும்பாகவோ சாம்பலாகவோ ஆகிவிட்டாலும் அதே மரியாதைதான். போலந்தில் யூத இடுகாடுகளுக்கான ரப்பிகள் (யூத மதகுருமார்கள்) ஆணையம் ஒன்று இதைக் கவனிக்கிறது. களப்பணி தொடங்கும் முன்பே அவர்களோடு பேசி, எங்கே மண்வெட்டி படலாம், எங்கே கருவிகளால் மேலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்துகொள்வார்கள்.

இந்தப் பாடம் எளிதாகக் கிடைக்கவில்லை. 1997 முதல் 1999 வரை தோருன் நகரப் பல்கலைக்கழகத்தின் ஆந்த்ஜேய் கோலா பெல்செக்கில் ஆய்வு செய்தார். நிலம் முழுவதையும் 5 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சந்திப்பிலும் கைத்துரப்பணத்தால் துளையிட்டு மண்ணை வெளியே எடுத்துப் பார்த்தார்கள். 33 கூட்டுப்புதைகுழிகள் அடையாளம் காணப்பட்டன. 2004இல் திறந்த நினைவிடத்தின் எல்லைகளுக்கு இந்த வரைபடம்தான் அடிப்படை. ஆனால் துரப்பணம் சாம்பலையும் எலும்பையும் துளைத்துக்கொண்டுதான் போனது. அந்த வேலை அவசியமானது, அதன் முறை தவறானது என்பதே எங்கள் கருத்து. இன்றைக்கு அதே நிலத்தில் வேலை தொடங்கினால் துரப்பணம் கடைசிக் கருவியாகத்தான் வரும், அதுவும் புதைகுழி இல்லை என்று உறுதியான இடத்தில் மட்டும்.

அப்படியென்றால் தோண்டாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

வரிசை முக்கியம். மலிவானதும் மண்ணைத் தொடாததும் முதலில் வரும்.

காகிதத்திலிருந்து தொடங்குவார்கள்: சாட்சியங்கள், விசாரணைக் கோப்புகள், போருக்குப் பின் நில அளவையாளர்கள் வரைந்தவை, ஜெர்மன் விமானப்படை 1944இல் எடுத்த வான்படங்கள். முகாமை இடித்துச் சில மாதங்களே ஆன நிலையில் எடுத்த படங்கள் என்பதால், கிளறிய மணல் சுற்றியுள்ள காட்டைவிட வெளுப்பாகத் தெரியும். இவற்றையெல்லாம் ஒரே ஆயத்தொலைவு முறைக்குள் கொண்டுவந்து பொருத்த வேண்டும். பழைய வான்படத்தைப் பொருத்த, இன்றும் அதே இடத்தில் இருக்கும் ரயில்பாதை வளைவு, சாலைச் சந்திப்பு போன்ற புள்ளிகளைப் பிடிப்பார்கள். இரண்டு மூன்று புள்ளி போதாது. படத்தின் ஓரங்களில் பல மீட்டர் பிசகும், அந்தப் பிசகிலேயே ஒரு புதைகுழி தப்பிவிடும்.

அடுத்தது லைடார். விமானத்திலிருந்து லேசர் கதிரைச் செலுத்தி, இலைகளுக்கு ஊடே தரையில் பட்டுத் திரும்புவதை மட்டும் பிரித்தெடுத்தால், காட்டுக்கு அடியில் இருக்கும் தரை வழித்துவிட்டது போலத் தெரியும். நிரப்பிய குழியின் மண் காலப்போக்கில் அமுங்கும். கண்ணுக்குத் தட்டுப்படாத சில பத்து செ.மீ. பள்ளம்கூட இதில் வரும். இலை உதிர்ந்த பின், பனி விழும் முன் பறப்பது நல்லது.

பிறகுதான் தரையில் இறங்கும் கருவிகள்: தரை ஊடுருவு ராடார், காந்தமானி, மின்தடை அளவி. ட்ரெப்லிங்காவில் பிரிட்டனின் கேரலைன் ஸ்டர்டி கோல்ஸ் 2010இல் செய்த களப்பணி இந்த வழியில்தான் தொடங்கியது. நிலத்தில் ஒரு குழிகூட வெட்டாமல் பெரிய புதைகுழிகள் இருக்கக்கூடிய இடங்களையும் கட்டடத் தடங்களையும் அவர் காட்டினார்.

ராடார் எலும்பைக் காட்டுமா?

காட்டாது. பலரும் எதிர்பார்த்து ஏமாறுவது இங்கேதான். மின்காந்த அலை ஒருவகை மண்ணிலிருந்து இன்னொரு வகை மண்ணுக்குப் போகும்போது எதிரொலிக்கும், அவ்வளவே. குழியின் விளிம்பு, அதன் அடி, செங்கல் அடித்தளம் ஆகியவை தெரியும். உள்ளே இருப்பது என்ன என்பதை அது சொல்லாது.

உலர்ந்த மணல் இதற்கு ஏற்றது. சோபிபோர், ட்ரெப்லிங்கா இரண்டும் மணற்பாங்கு என்பது ஒரு வசதி. 250 மெகாஹெர்ட்ஸ் அலைவாங்கி ஆழமாகப் பார்க்கும், நுணுக்கம் குறையும். 500 மெகாஹெர்ட்ஸ் நேர்மாறு. கோடுகளுக்கு இடையே அரை மீட்டருக்கு மேல் விட்டால் சுவர் போன்ற ஒடுங்கிய பொருள் நழுவிவிடும். 25 செ.மீ. இடைவெளி நல்லது, வேலை இரட்டிப்பாகும். களிமண்ணிலும் மழை பெய்த மறுநாளிலும் அலை மேலேயே உறிஞ்சப்பட்டுவிடும், படம் மங்கல்தான். தடித்த மரவேர்கள் குழாய் போன்ற பொய்த் தடம் காட்டும். அதனால் ஒவ்வொரு மரத்தையும் அளந்து வரைபடத்தில் குறித்துவிட்டுத்தான் ராடாரை இழுக்கத் தொடங்க வேண்டும். இதைச் செய்யாத ஆய்வில் ‘சுவர்’ என்று குறித்தது பைன் மரவேராக இருப்பது புதிதல்ல.

காந்தமானிக்கு வேறு தொல்லை. சுட்ட செங்கலையும் இரும்பையும் அது நன்றாக உணரும். ஆனால் நினைவிடத்தின் இரும்பு வேலி, புதைத்த மின்கம்பி, சுற்றுலா வந்தவர் எறிந்த புட்டிமூடி எல்லாவற்றையும் சேர்த்து உணரும்.

தோண்டும் இடத்தில் மண் எப்படிப் பேசுகிறது?

அந்தப் பகுதியின் கலையாத மணலில் அடுக்குகள் துல்லியமாக இருக்கும். மேலே சாம்பல் நிற மக்கு, அதன் கீழ் வெளுத்த மணல், பிறகு துருநிறப் படலம், அடியில் மஞ்சள் மணல். ஒருமுறை தோண்டி நிரப்பிவிட்டால் இந்த நான்கும் கலந்து புள்ளிபுள்ளியாகிவிடும். எண்பது ஆண்டானாலும் அந்தக் கலப்பு மாறாது. கொன்றவர்கள் கட்டடத்தை இடித்தார்கள், மரம் நட்டார்கள், மண்ணின் அடுக்கை அவர்களால் திரும்ப அடுக்க முடியவில்லை.

வேலிக்கம்பம் மக்கிப்போன இடத்தில் மஞ்சள் மணலுக்கு நடுவே கறுப்பு வட்டம் ஒன்று இருக்கும். கொத்துக்கரண்டியால் தரையைச் சீவிச் சமப்படுத்தி, லேசாக நீர் தெளித்தால் வட்டம் பளிச்சென்று தெரியும். வெயிலில் அரைமணி நேரத்தில் மங்கிவிடும். படம் எடுப்பதும் 1:20 அளவில் வரைவதும் அதற்குள் முடிய வேண்டும். சோபிபோரில் இஸ்ரேலின் யோராம் ஹைமியும் போலந்தின் வோய்சியெக் மஸூரெக்கும் 2007இல் தொடங்கிய அகழாய்வில், வேலிகளின் தடத்தை இப்படி வட்டம் வட்டமாகப் பின்தொடர்ந்துதான் நச்சுவாயு அறைகளை நோக்கிப் போன பாதையைப் பிடித்தார்கள். 2014 செப்டம்பரில் தார்த்தளத்தைப் பெயர்த்தபோது அந்த அறைகளின் செங்கல் அடித்தளம் வெளிப்பட்டது.

வழக்கமான குழி 1 மீட்டருக்கு 1 மீட்டர் அல்லது நீண்ட ஒடுங்கிய அகழி. 5 முதல் 10 செ.மீ. படலமாக இறங்கி, எடுத்த மண் முழுவதையும் 4 மி.மீ. சல்லடையிலும், மணி, பித்தான் போன்ற சிறு பொருள் வரும் இடத்தில் 2 மி.மீ. சல்லடையிலும் சலிக்க வேண்டும்.

பெரிய இடைஞ்சல் கொள்ளை. போர் முடிந்த பின் தங்கம் தேடி அக்கம்பக்கத்தவர் இந்த நிலங்களைக் கண்டபடி தோண்டினார்கள். அதனால் சாம்பலும் எலும்பும் குழிக்கு வெளியே மேல்மண்ணிலும் சிதறியிருக்கின்றன. ஒரு பொருள் மேல்படலத்தில் கிடைத்தது என்பதற்காக அது பிற்காலத்தது என்று எழுதிவிடக் கூடாது.

எதிர்பாராமல் எலும்பு வந்தால்?

அந்தக் குழியில் வேலை அங்கேயே நிற்கும். இருக்கும் இடத்திலேயே படம் எடுத்து, செயற்கைக்கோள் அளவியால் இடத்தைக் குறித்து, ரப்பிகள் ஆணையத்துக்குத் தகவல் சொல்வார்கள். புதைந்தபடி இருந்தால் தூக்காமல் அதே மண்ணால் மூட வேண்டும். சல்லடையில் வந்த சிதறல் துண்டுகளைத் தனியாகச் சேர்த்து, சமய முறைப்படி அதே நிலத்தில் அடக்கம் செய்வார்கள். அவற்றைப் பையில் போட்டுப் பொருள்களின் அலமாரியில் வைப்பது மன்னிக்க முடியாத தவறு.

எரிந்த எலும்பை அடையாளம் காணக் களப்பணியாளர் அனைவருக்கும் முன்கூட்டியே பயிற்சி வேண்டும். கடும் வெப்பத்தில் எரிந்தது வெள்ளையாகவோ நீலச் சாம்பலாகவோ மாறி, குறுக்கே வெடித்திருக்கும். பழகாத கைக்கு அது சுண்ணாம்புக் கட்டி போலத்தான் தோன்றும்.

கிடைத்த பொருள்களைப் பாதுகாப்பதில் என்ன சிக்கல்?

பழங்கால அகழாய்வில் பானையோடு, இரும்பு, மணி என்று பழகியவர்கள் இங்கே தடுமாறுவார்கள். சீப்பு, மூக்குக்கண்ணாடிச் சட்டம், பல்துலக்கி, பொய்ப்பல், மருந்துக் குப்பி, அலுமினியக் கரண்டி எல்லாம் இருபதாம் நூற்றாண்டுத் தொழிற்சாலைப் பொருள்கள். அலுமினியம் துருப்பிடிக்காது என்பார்கள். மரச்சாம்பல் காரத்தன்மை உள்ளது, அதில் கிடந்த அலுமினியம் பொடிந்துபோகும். செல்லுலாய்டு சீப்பு காலப்போக்கில் அமில ஆவி விடும். அதை உலோகப் பொருளோடு ஒரே பெட்டியில் மூடி வைத்தால் இரண்டும் கெடும். தனியாக, காற்றோட்டத்தோடு, குளிர்ந்த இடத்தில், நெருப்புக்கு எட்டாமல் வைக்க வேண்டும். ஈரமாகக் கிடைத்த தோல் காலணியை வெயிலில் காயவைத்தால் சுருண்டு பிளந்துவிடும். ஈரத்தோடேயே ஆய்வகம் போய்ச் சேர வேண்டும்.

சுத்தம் செய்வதிலும் நிதானம் வேண்டும். பளபளப்பாக்குவது நோக்கமல்ல. உலோகத்தில் ஆணியால் கீறிய எழுத்து துருப்படலத்தில்தான் இருக்கும், தேய்த்தால் போய்விடும். முதலில் ஊடுகதிர்ப் படம் எடுங்கள்.

களத்தில் காட்டும் அக்கறை கிடங்கிலும் தொடர வேண்டும். 1967இல் அவுஷ்விட்ஸ்-பிர்கெனாவில் மூன்றாம் எரிகூடத்தின் அருகே தோண்டி எடுத்த 16,000க்கும் மேற்பட்ட பொருள்கள், 48 அட்டைப்பெட்டிகளில் வார்சாவில் ஒரு ஆய்வு நிறுவனக் கட்டடத்தில் கிடந்து, 2016இல்தான் அவுஷ்விட்ஸ் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. அரை நூற்றாண்டு! அதற்குள் அந்தப் பொருளை அடையாளம் காட்டியிருக்கக்கூடிய எத்தனையோ பேர் காலமாகிவிட்டார்கள்.

பெயர் பொறித்த பொருள் கிடைத்தால், அவர் அங்கேதான் இறந்தார் என்று பொருளா?

எப்போதும் அப்படி அல்ல. சோபிபோரில் கிடைத்த இரண்டு வகைப் பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதலாவது, பெயர்த் தகடு. நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து 1943 மார்ச் முதல் ஜூலை வரை 19 ரயில்களில் 34,313 பேர் சோபிபோருக்கு அனுப்பப்பட்டார்கள். ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த நான்கு குழந்தைகளின் தகடுகள் மண்ணிலிருந்து வந்தன. பிள்ளை கூட்டத்தில் தொலைந்துபோனால் யாராவது கொண்டுவந்து சேர்க்கட்டும் என்று பெற்றோர் பெயர், பிறந்த நாள், ஊர் எல்லாம் பொறித்துக் கழுத்தில் மாட்டிவிட்ட சிறு தகடு. அவற்றில் ஒன்று ஆறு வயது லெயா யூடித் டெ லா பெஞாவுடையது. இன்னொன்று பாதி எரிந்திருந்தது. ரயில் பட்டியலோடு ஒப்பிட்டபோது பெயர், பிறந்த நாள், வண்டி புறப்பட்ட நாள் எல்லாம் பொருந்தின. இங்கே முடிவு உறுதியானது.

இரண்டாவது, 2016இல் கிடைத்த முக்கோணப் பதக்கம். ஒரு பக்கம் எபிரேயத்தில் ‘மஸல் டோவ்’ என்ற வாழ்த்து, 1929 ஜூலை 3 என்ற நாள், பிராங்பர்ட் என்ற ஊர். பிராங்பர்ட் யூதர் பட்டியல்களோடு ஒப்பிட்டு, கரோலினே கோன் என்ற சிறுமியின் பிறந்த நாள் என்று கண்டார்கள். அதே நகரில் அதே ஆண்டில் பிறந்த ஆன் பிராங்கிடமும் ஏறத்தாழ இதேபோன்ற பதக்கம் இருந்தது. கரோலினே 1941 நவம்பரில் மின்ஸ்க் கெட்டோவுக்கு, அதாவது யூதர்களை அடைத்து வைத்த நகரப் பகுதிக்கு, அனுப்பப்பட்டாள். 1943 செப்டம்பரில் அந்தக் கெட்டோவைக் கலைத்து அங்கிருந்தவர்களைச் சோபிபோருக்குக் கொண்டுவந்தார்கள். பதக்கம் அவள் கழுத்தில் வந்ததா, அவள் மின்ஸ்கிலேயே இறந்து வேறொருவர் எடுத்து வந்தாரா என்பதைப் பதக்கம் சொல்லவில்லை. பலகையில் ‘அவள் இங்கே கொல்லப்பட்டாள்’ என்று எழுதினால் அது பொய்யாகிவிடலாம். ‘அவளுடைய பதக்கம் இங்கே கிடைத்தது’ என்பதே சரி.

ட்ரெப்லிங்காவில் நட்சத்திரம் பொறித்த ஓடு கிடைத்ததாமே?

கிடைத்தது உண்மை. நச்சுவாயு அறைகளில் செம்மஞ்சள் ஓடு பதித்திருந்ததாகச் சாட்சிகள் சொல்லியிருந்தார்கள். அகழாய்வில் அதே நிறத்து ஓட்டுத் துண்டுகள் வந்தன. பின்பக்கம் ஆறுமுனை நட்சத்திரம். யூதர்களின் சின்னமான தாவீதின் நட்சத்திரத்தை நாஜிகள் வேண்டுமென்றே பதித்தார்கள் என்று செய்தி பரவியது. அது ஓடு தயாரித்த ஜேவுல்ஸ்கி–லாங்கே என்ற போலந்து நிறுவனத்தின் முத்திரை. சாட்சி சொன்ன நிறம் மண்ணில் அப்படியே கிடைத்ததுதான் இங்கே பெரிய விஷயம்.

ஜெர்மனிக்குள் இப்படி அகழாய்வு நடந்திருக்கிறதா?

நிறையவே. பெர்லினில் கெஸ்டபோ என்ற நாஜி ரகசியக் காவல்துறையின் தலைமையகம் இருந்த காலிமனையில், 1985 மே மாதம் பொதுமக்களே மண்வெட்டியோடு வந்து அடையாளமாகத் தோண்டினார்கள். அடுத்த ஆண்டு முறையான அகழாய்வில் நிலவறைத் தடங்கள் வெளிவந்தன. டெம்பல்ஹோஃப் விமானத்தளத்தில் கட்டாயத் தொழிலாளர் குடில்களை 2012 முதல் தோண்டினார்கள். வார்ஸ்டைன் அருகே காட்டில் 1945 மார்ச்சில் 208 கட்டாயத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட இடங்களை உலோகங்காணியால் தேடியபோது, காலணி, மணி, பித்தான், கரண்டி, ஒரு பிரார்த்தனைப் புத்தகம், ஒரு அகராதி என்று வந்தன. சாகப் போகிறோம் என்று தெரியாமல் மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்களின் பொருள்கள்.

அகழாய்வு முடிந்த பின் இடத்தைத் திறந்தே வைப்பதா, மூடுவதா?

செங்கல் அடித்தளம் மழையையும் உறைபனியையும் திறந்தவெளியில் தாங்காது. சில குளிர்காலத்திலேயே மேல்பூச்சு உதிரும். அளந்து, படமெடுத்து, துணிப்படலம் விரித்து, தூய மணலால் மூடுவதே பெரும்பாலும் நல்லது. பெல்செக்கில் நிலம் முழுவதும் உலைக்கசடு பரப்பி, யாரும் மேலே ஏற முடியாதபடி செய்திருக்கிறார்கள். நடுவே ஒரு ஒடுங்கிய பாதை மட்டும் உள்ளே இறங்குகிறது. சோபிபோரில் புதைகுழிப் பகுதியை வெள்ளைக்கற்களால் மூடினார்கள். காட்டின் நடுவே அது கண்ணைக் கூசுகிறது என்று குறை சொல்வோர் உண்டு. ஆனால் எல்லை எது என்று ஒரு குழந்தைக்கும் புரிகிறது. முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் அது பெரிய முன்னேற்றம்.

பார்க்கப் போகிறேன். தரையில் ஏதாவது கிடந்தால் என்ன செய்வது?

எடுக்காதீர்கள். மழைக்குப் பின் பாதையோரத்தில் சிறு வெள்ளைத் துண்டுகள் மேலே வருவதுண்டு, அவை எலும்பாக இருக்கலாம். கைப்பேசியில் படமெடுத்து, எந்த இடம் என்று குறித்துக்கொண்டு, அருங்காட்சியகப் பணியாளரிடம் சொல்லுங்கள். இடத்தைவிட்டுப் பெயர்ந்த பொருள் பாதிச் சாட்சியத்தை இழந்துவிடும். படத்தைச் சமூக ஊடகத்தில் போட வேண்டாம், இடத்தைப் பார்த்துவிட்டுத் தோண்ட வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போலந்தில் அனுமதியின்றி உலோகங்காணியோடு தேடுவது குற்றம். 1999 மே 7 அன்று இயற்றிய தனிச் சட்டம் ஒன்று இந்த மூன்று இடங்களையும் சேர்த்து எட்டு முன்னாள் முகாம்களின் நிலங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை பாதுகாப்பு வளையம் வைத்திருக்கிறது.

கல்லறையில் யூதர்கள் பூ வைப்பதைவிடச் சிறு கல் வைப்பதே வழக்கம். அந்தக் கல்லையும் நினைவிடத் தரையிலிருந்து பொறுக்காமல் வெளியிலிருந்து கொண்டுபோங்கள்.

ஒரு பெயரைப் பற்றித் தேட விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

ஜெர்மனியின் பாட் அரோல்சன் நகரில் உள்ள அரோல்சன் ஆவணக்காப்பகத்தில் ஒன்றே முக்கால் கோடிப் பேரைப் பற்றிய தகவல் இருக்கிறது. இணையத்தில் இலவசமாகத் தேடலாம். எருசலேமில் யூத இனப்படுகொலையின் நினைவைக் காக்கும் யாத் வாஷெம் நிறுவனத்தின் பெயர்த் தரவுத்தளம் இரண்டாவது இடம். பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடி நிறுத்திவிடாதீர்கள். ஒரே மனிதர் போலிஷ், ஜெர்மன், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் ஆகிய மூன்று மொழிகளிலும் வெவ்வேறாக எழுதப்பட்டிருப்பார். பிறந்த நாளும் ஊரும் கையில் இருந்தால் அதையே பிடித்துக்கொண்டு தேடுங்கள். பிறந்த ஆண்டு பட்டியலுக்குப் பட்டியல் ஓரிரண்டு ஆண்டு மாறுவதும் சகஜம். முகாமில் பறித்த கடிகாரம், மோதிரம், புகைப்படம் போன்றவை சில அரோல்சனில் இன்னமும் இருக்கின்றன. உரியவரின் குடும்பத்தைத் தேடிப்பிடித்துத் திருப்பிக் கொடுக்கும் வேலை அங்கே நடந்துகொண்டிருக்கிறது.